வளையம் எங்கே போய் உட்காரும்

அந்தக் கடிதத்தில் அப்பா கையெழுத்துப் போட்டபோது பட்டறையில் நான்கு பேர் இருந்தோம். அப்பா, நான், பக்கத்துப் பட்டறை மாமா, ஆர்டர் கொண்டுவந்த ஏஜென்ட். மாமா உறவில்லை, சந்துப் பழக்கத்தில் மாமா. இல்லாதவர்கள் இரண்டு பேர், அம்மாவும் தங்கையும். அன்று ஆடிப் பதினெட்டு. காவிரியில் முழுக்குப் போடுவதற்காக இருவரும் காலை முதல் பஸ்ஸிலேயே கொடுமுடிக்குப் போயிருந்தார்கள். அம்மா இருந்திருந்தால், "என்ன எழுதியிருக்குது, படி கண்ணு" என்று கேட்டிருப்பார். அப்பா கேட்கவில்லை. நான் படித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியும், அது அவருக்குப் போதும்.

எங்கள் பட்டறை பீளமேட்டில், பழைய மில் ஒன்றின் சுற்றுச்சுவரை ஒட்டிய சந்தில் இருக்கிறது. அப்போது மூன்று லேத்து இருந்தது. தண்ணீர் பம்புகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன உருப்படிகளைக் கடைந்து கொடுப்பது தொழில். அப்பா கடைவார். அம்மா முக்காலியில் உட்கார்ந்து அரம் பிடித்துப் பிசிர் எடுப்பார். நான் டிராயிங் படிப்பேன், பில் போடுவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்னூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் விவசாயக் கூலி வேலை செய்துகொண்டிருந்த குடும்பம். அப்பா பதினாறு வயதில் கோயமுத்தூர் வந்து, ஒரு பட்டறையில் இரும்புத் தூள் கூட்டுகிற வேலையில் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே லேத்து பழகியவர்.

அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். மைக்ரோமீட்டரைத் திருகி மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு வரை சொல்லிவிடுவார். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் பாங்கில் கைநாட்டு வைத்துவிட்டு வந்து, விரலில் இருந்த மையை எண்ணெய்த் துணியில் தேய்த்துக்கொண்டே, "எம் பேரை எழுதிக் காட்டு கண்ணு" என்றார். ஒரு கழிவுத் தகட்டின் மேல் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். ஒரு வாரம் அதன் மேலேயே எழுதிப் பழகினார். கடைசி எழுத்துக்கு மேலே வரும் புள்ளியை மட்டும், இரும்பில் துளை போடுமுன் அடையாளம் குத்துவதுபோல அழுத்திக் குத்துவார். சில நேரம் தாளே ஓட்டையாகிவிடும். இன்றுவரை அவருக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. எந்த உருப்படிக்கு ஆர்டர் வந்தாலும், "இது எங்க போய் உக்காருமுங்க?" என்று கேட்பார். டிராயிங் அளவைச் சொல்லும், உட்காரும் இடத்தைச் சொல்லாது. தண்ணீருக்குள்ளா, சூட்டுப் பக்கமா, எதன் மேலே, எதற்குள்ளே என்று தெரிந்தால்தான் அவருக்குக் கை ஓடும். பம்பு வளையம் என்றால் உள் விளிம்பின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கிவிடுவார். இல்லாவிட்டால் ரப்பர் சீலைக் கிழித்துவிடும். இது டிராயிங்கில் இருக்காது. இதற்கு யாரும் கூலி தருவதுமில்லை. ஆனால் எங்கள் வளையம் போட்ட பம்பு ஒழுகுவதில்லை என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டால் அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

அந்த வருஷம் ஆனி மாதம், பட்டறை இடத்தை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த கட்டடக்காரர் வந்தார். "ஏனுங்க, லேடீஸ் ஹாஸ்டல் கட்டறதுக்கு எடங் கேக்கறாங்க. இருவது வருசமா இருக்கறீங்க, போங்கன்னு சொல்ல வாய் வரலீங்க. தீவாளிக்குள்ள அட்வான்ஸ் இன்னொரு மூணு லட்சம் சேத்திக் குடுத்துப்போடுங்க. நான் மறு பேச்சுப் பேசலீங்க" என்றார். அவரும் மரியாதையாகத்தான் சொன்னார். எங்களிடம் மூன்று லட்சம் இல்லை. பட்டறை போனால் அப்பா அறுபது வயதில் இன்னொருவர் லேத்தில் கூலிக்கு நிற்க வேண்டும். அந்த ஒரு எண்ணம்தான் என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து நான் செய்த எல்லாவற்றுக்கும் அதையே காரணமாகச் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பெரிய நாடு எங்கள் சந்துக்கு வந்தது.

எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. அது வேறொரு கண்டத்தில் ஒரு போரை நடத்திக்கொண்டிருந்தது. குண்டுகள் அதனிடம் இருந்தன, போதவில்லை. ஆதரவு அதைவிடக் குறைவாக இருந்தது. உலக சபையில் தன் பக்கம் கைதூக்குகிற சின்ன நாடுகளுக்குக் கடனைத் தள்ளுபடி செய்தது, கோதுமை அனுப்பியது, பாலம் கட்டித் தருவதாகச் சொன்னது. எங்களைப் போன்ற ஊர்களுக்கு நட்பு நிதி என்று ஒன்றை வைத்திருந்தது. அவிநாசி ரோட்டு ஹோட்டல் ஒன்றில் சின்னப் பட்டறைக்காரர்களுக்கு என்று ஒரு கூட்டம் நடந்தது. அப்பா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். மேடையில் ஒரு அம்மையார் அரைமணி நேரம் இங்கிலீஷில் பேசினார். நட்பு, நம்பிக்கை, கைகோத்தல் என்று பேசினார். போர் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

"என்னங் கண்ணு சொல்றாங்க?" என்று அப்பா என் காதருகே கேட்டார்.

"நம்ம மேல நம்பிக்கை வெச்சிருக்காங்களாமுங்கப்பா."

"நம்பிக்கையோட சேத்திப் பிரியாணியும் வெச்சிருக்காங்க. எந்திரிங்க, கூட்டம் சேர்றதுக்குள்ள போலாம்" என்றார் மாமா.

விஷயம் இதுதான். பட்டறை ஒன்றுக்கு நான்கு லட்சம் நிதி. வருஷம் முழுக்க வேலை, கூலி வழக்கத்தைப்போல மூன்று மடங்கு. பதிலுக்கு, அந்த நாட்டின் நிலைப்பாட்டை ஆதரிக்கிறோம், எங்கள் அரசும் அதன் பக்கம் நிற்க வேண்டும் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வருஷம் முடியும்வரை கடிதமும் வேலையும் நிலைத்தால் நான்கு லட்சம் எங்களுக்கே. நடுவில் விலகினால் பத்து சதவீதம் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் கொடுத்த எஃகு வீணானால் அதற்கும் நாங்கள்தான் பொறுப்பு.

ஆடிப் பதினெட்டு அன்று ஏஜென்ட் டிராயிங்கையும் கடிதத்தையும் கொண்டுவந்தார். எங்கள் ஊர்க்காரர்தான், நல்ல மனிதர். நான் டிராயிங்கைப் பார்த்தேன். அது ஒரு எஃகு வளையம். ஓரத்தில் இருந்த பெயர் புரியாமல், அவரை வாசலுக்குக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"பீரங்கிக் குண்டுல ஒரு வளையமுங்க தம்பி" என்றார் அவரும் மெதுவாக. "வளையம் மட்டுந்தான். வெடிக்கிற சமாச்சாரம் எதும் நம்முளுது இல்லீங்க. பில்லுல உதிரிபாகம்னுதான் இருக்கும்."

உள்ளே வந்தேன். அப்பா வழக்கம்போலக் கேட்டார், "இது எங்க போய் உக்காருதாமா?"

"பம்புக்குங்கப்பா. வெளிநாட்டுல பெரிய பம்பு."

"கடுதாசு?"

"ஆர்டருக்குச் சம்மதமுன்னுங்க. இந்த எடத்துல போடுங்க."

நான் விரல் வைத்த இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு. புள்ளியை அழுத்திக் குத்தினார். ஏஜென்ட் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, குண்டூசி ஓட்டையாட்ட இருக்குதுங்க" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம், நானும்.

பணம் வந்தது. மூன்று லட்சத்தைக் கட்டடக்காரரிடம் கொடுத்தோம். ஒரு லட்சம் பாங்கில் இருந்தது. எஃகு வந்து இறங்கியது. அப்பா கடைந்தார், அம்மா அரம் பிடித்தார். வீட்டில் எல்லோருக்கும் முகம் தெளிந்துவிட்டது. தங்கை ஒருநாள் வளையத்தைக் கையில் வளையலாகப் போட்டுப் பார்த்து, "நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டாள். "கழட்டி வையி அம்மிணி, வெளிநாடு போற பொருளு" என்றார் அப்பா. நான் வெளியே போய்விட்டேன்.

ஆவணியில் பீளமேட்டு வளாகத்தில் இயந்திரக் கண்காட்சி நடந்தது. அப்பாவும் நானும் போனோம். நட்பு நிதிக்காரர்கள் ஒரு கடை போட்டிருந்தார்கள். அதன் பின்சுவர் முழுக்க அந்தக் கடிதத்தைப் பெரிதாக்கி, பேனராக மாட்டியிருந்தார்கள். மேலே இங்கிலீஷ் வரிகள், கீழே முப்பது நாற்பது கையெழுத்து. அப்பா நின்றுவிட்டார். வேறு எந்த எழுத்தும் தெரியாதவர் தன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். முழ நீளத்துக்கு இருந்தது. புள்ளி ஒரு ரூபாய்க் காசு அகலம்.

"கண்ணு, பாரு" என்றார். "நம்ம பேருங் கண்ணு."

அவர் கண் கலங்கியிருந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பேனரின் கீழே போய் நின்றார். "ஒரு போட்டோ எடு. அம்மாகிட்டக் காட்டோணும்." எடுத்தேன். "மேல என்ன எழுதியிருக்குது?" என்று கேட்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். "கோயமுத்தூர்ல நல்லா வேலை செய்யற பட்டறைங்க இதெல்லாம்னு போட்டிருக்குதுங்கப்பா" என்றேன். அந்தப் போட்டோவைப் பெரிதாக எடுத்துச் சட்டம் போட்டு, பட்டறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். தினமும் காலையில் லேத்துக்குப் பொட்டு வைக்கும்போது நான் அதன் பக்கம் திரும்ப மாட்டேன்.

புரட்டாசியில் முதல் தவணையாக இருநூற்றுப் பன்னிரண்டு வளையங்களை உள்ளூர்ச் சோதனைக்கு அனுப்பினோம். நான்காம் நாள் எல்லாம் திரும்பி வந்தன. ஏஜென்ட் பெட்டியோடு வந்து இறங்கினார். முகத்தில் சிரிப்பு இல்லை. அம்மா முக்காலியில் இருந்தார். அப்பா லேத்தை நிறுத்தினார்.

"அண்ணா, அளவெல்லாம் தங்கமுங்க. ஆனா இந்த உள் விளிம்பை யாருங்க மழுக்குனது? கூரா இருக்கோணும். இருநூத்திப் பன்னெண்டும் ரிஜெக்ட்டுங்க."

அப்பா ஒரு வளையத்தை எடுத்துக் கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். "நாந்தானுங்க. தண்ணி வர்ற எடமில்லீங்களா? கூரா உட்டா ரப்பரைக் கிழிச்சுப்போடுமுங்க. மெஷின்ல கொஞ்சம் எடுத்தேன், மிச்சத்தை ஊட்டுக்காரி அரத்துல எடுத்துப்போட்டா. எச்சா வேலைதான். அதுக்குக் காசு கேக்கலீங்களே."

"தண்ணியா? எந்தத் தண்ணிங்க?"

"பம்புத் தண்ணி."

ஏஜென்ட் அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "நீங்க பேசிக்குங்க. நான் நாளைக்கு வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா.

அப்பா கோபமாகக் கேட்கவில்லை. வழக்கமான குரலில்தான் கேட்டார். "இது எங்க போய் உக்காருது கண்ணு?"

சொன்னேன். பிறகு போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துவந்து, முக்காலி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மேலே இருந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் படித்தேன். இந்தப் போர் நியாயமானது. இதை நாங்கள் முழு மனதோடு ஆதரிக்கிறோம். எங்கள் நாடும் ஆதரிக்க வேண்டும். எங்கள் உழைப்பை இதற்குத் தருவதில் பெருமைப்படுகிறோம். கீழே அப்பா பெயர்.

"பெருமைப்படறோம்னா இருக்குது?" என்றார் அப்பா.

"ஆமாங்கப்பா."

அவர் போட்டோவில் சிரித்துக்கொண்டு நிற்கிற தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாதான் பேசினார். முதலில் அப்பாவிடம். "ஏனுங்க, ஒரு சேலைக்கு நாலு கடை ஏறி எறங்கறீங்க. ஒரு கடுதாசுக்கு ஒரு வாய் கேக்கத் தோணலீங்களா?" பிறகு என் பக்கம் திரும்பினார். என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு மாசமா இதை வயித்துல வெச்சுட்டா சோறு தின்ன? அதானா மெலிஞ்சு கெடக்கற?" என்றார். நான் அழுதுவிட்டேன்.

அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார். "இந்தக் கையெழுத்து நீ போடச் சொல்லிக் குடுத்தது. அதனால உங்கிட்டயே கேக்கறேன். இதைத் திருப்பி வாங்க முடியுமா?"

"முடியுமுங்கப்பா. காசைக் கட்டோணும்."

"எத்தனைன்னு கணக்குப் போடு."

மாமா விஷயம் தெரிந்து ஓடிவந்தார். "ஏனுங்க, குண்டு நம்மூர்லயா உழுகப்போகுது? நாம பண்ணலீன்னா அடுத்த சந்துக்காரன் பண்ணுவான். அத்தன பேரு கையெழுத்துல நீங்க ஒருத்தரு எடுத்தா சண்டை நின்னுபோயிருமா?"

"நிக்காதுங்க" என்றார் அப்பா. "தெரியுமுங்க."

"அப்புறம் என்னத்துக்கு?"

"எனக்கு எழுதத் தெரிஞ்சது அந்த ஒண்ணுதானுங்க."

மாமாவும் அதே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நிதி வாங்கியிருந்தார். அவருக்கு இரண்டு பெண்கள் கல்லூரியில், பாங்கில் கடன். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று சாயங்காலம் அவரே திரும்பி வந்து, "கட்டறதுக்குக் குறைஞ்சா எங்கிட்டக் கொஞ்சம் இருக்குது, வாங்கிக்குங்க" என்று சொன்னார்.

"அந்த நாலு லட்சத்துல இருந்துங்களா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாங்."

"அவங்க காசை வாங்கி அவங்களுக்கே கட்டுனா நல்லாருக்குமுங்களா?" என்று அப்பா சொல்ல, இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்த வாரத்தில் அப்பா சிரித்தது அப்போதுதான்.

பாங்கில் இருந்த ஒரு லட்சத்தை எடுத்தோம். ஜன்னலோரம் இருந்த லேத்தை ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்குக் கொடுத்தோம். அம்மா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்ததில் ஒன்றரை லட்சம் வந்தது. என் பைக் நாற்பத்தைந்தாயிரத்துக்குப் போனது. குறைந்ததை அம்மா எங்கிருந்தோ கொண்டுவந்தார். கேட்டதற்கு, "படிச்சவன் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கோணுமா?" என்றார். கட்டடக்காரரிடம் கொடுத்தது கொடுத்ததுதான். அதனால் பட்டறை எங்களிடம் இருந்தது, இரண்டு லேத்தோடு.

விலகல் கடிதத்தை நான் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதினேன். முத்திரைத்தாளில் அடிக்கக் கொடுக்குமுன் அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து முழுதும் படித்துக் காட்டினேன். அப்பா இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "ஆதரவு தர்றதா எழுதியிருந்ததை நான் திருப்பி வாங்கிக்கறேன்" என்ற வரி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தி, "இதைப் பெரிசாப் போட முடியுமா?" என்று கேட்டார். முடியாது, எல்லா எழுத்தும் ஒரே அளவில்தான் இருக்கும் என்றேன். "சரி" என்றார். இந்தத் தடவை நான் விரல் வைத்து இடம் காட்டவில்லை. அவரே பார்த்து, சரியான இடத்தில் போட்டார். முத்திரைத்தாள் தடிமன், அதனால் புள்ளி ஓட்டையாகவில்லை.

மூன்று வாரம் கழித்து ஏஜென்ட் கடிதத்தின் புதுப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கையெழுத்துகளின் வரிசையில் ஓரிடம் வெள்ளையாக இருந்தது. அப்பா அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "காப்பி குடிச்சுட்டுப் போலாமுங்க" என்று அவரை உட்காரச் சொன்னார். போட்டோச் சட்டத்தில் இப்போது தங்கையின் கல்லூரிப் படம் இருக்கிறது.

அன்று ஏஜென்ட் போனதும் நான் நோட்டில் செலவை எழுதினேன். நான்கு லட்சத்தில் ஆரம்பித்தேன். எழுதத் தெரியாவிட்டாலும் எண் தெரிந்த அம்மா எட்டிப் பார்த்து, "நாலு லட்சத்தை என்னத்துக்குச் செலவுல சேத்தற? அது நம்ம காசே இல்லையே கண்ணு. அடிச்சுப்போடு" என்றார். அடித்தேன். மிச்சத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நடுவில் விலகியதற்குப் பத்து சதவீதம், நாற்பதாயிரம். விளிம்பு மழுங்கிய இருநூற்றுப் பன்னிரண்டு வளையங்களின் எஃகு, முப்பத்தெட்டாயிரத்து நூற்று அறுபது. முத்திரைத்தாள், டைப் அடித்த கூலி, கூரியர் எல்லாம் சேர்த்து நானூற்று நாற்பது. அப்பா கைகழுவிக்கொண்டே, "மொத்தம் எத்தனையாச்சு?" என்று கேட்டார். கூட்டிச் சொன்னேன்: எழுபத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.